ஓலை, மனு, பாட்டு: திருவிதாங்கூர் அடிமை ஒழிப்பும் திருச்சபையும்

முன்னுரை

தென்திருவிதாங்கூரின் சமூக வரலாற்றில் தோள்சீலைப் போராட்டம் தமிழாய்வாளர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்துள்ளது. அதே காலத்தில், அதே மண்ணில் நிகழ்ந்த அடிமை ஒழிப்பு அவ்வளவு கவனம் பெறவில்லை. அடிமை முறையைப் பற்றிய சான்றுகளை மூவகையாகப் பகுக்கலாம். உடைமையாளர் எழுதிய ஓலை, மிஷனரிகள் எழுதிய மனு, அடிமைகளின் வழித்தோன்றல்கள் பாடிய பாட்டு என்பன அவை. இம்மூன்றையும் வரிசைப்படுத்திக் காணும்போது, சமூக நீதிக்காகத் திருச்சபை எழுப்பிய குரலின் வலிமையும் எல்லையும் புலனாகின்றன. அவற்றை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓலை

நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்து ஓலைகளுள் அடிமை ஓலைகளும் உள்ளன. நிலம் கைமாறியதைப் போலவே ஆட்களும் விலைக்கும் ஒற்றிக்கும் கைமாறிய செய்தியை அவை தருகின்றன. ஓலையின் நோக்கம் உடைமை உரிமையை நிறுவுவது. விற்பவர், வாங்குபவர், விலை ஆகியவையே அதற்கு முதன்மையானவை. விற்கப்பட்டவரின் விருப்பத்திற்கு அதில் இடமில்லை.

1812ஆம் ஆண்டு இராணி இலட்சுமிபாய் வெளியிட்ட ஆணை அடிமை வணிகத்தைத் தடை செய்தது. எனினும் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த உழவடிமைச் சாதியினருக்கு அத்தடை பொருந்தவில்லை. பெரும்பான்மையான அடிமைகள் அவர்களே ஆதலின், ஆணையின் பயன் மிகக் குறுகியதாயிற்று. 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 12,80,668 மக்களுள் 1,64,864 பேர் அடிமைகள். அதாவது எண்மரில் ஒருவர் அடிமை. இவர்களுள் ஒரு பகுதியினர் அரசுக்கே உடைமையாக இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

மனு

தென்திருவிதாங்கூரில் இலண்டன் மிஷனின் வருகை ஒடுக்கப்பட்ட ஒருவரின் அழைப்போடு தொடர்புடையது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் தஞ்சையில் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார். அவரது முயற்சியின் பயனாகவே 1806இல் ரிங்கல்தௌபே இப்பகுதிக்கு வந்தார். திருச்சபையை மக்களுக்காகப் பரிந்து பேசிய அமைப்பாக மட்டும் கருதுவோர் இத்தொடக்கத்தை மறந்துவிடுகின்றனர்.

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்தது. சுதேச அரசாகிய திருவிதாங்கூரை அச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை. இந்நிலையில் 1847 மார்ச்சில் இலண்டன் மிஷன், சர்ச் மிஷன் ஆகிய இரு சங்கங்களின் மிஷனரிகளும் ஒன்றுகூடி, அடிமை முறையை ஒழிக்க வேண்டி மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவுக்கு மனு அளித்தனர்.

மனுவின் பயன் உடனே கிட்டவில்லை. 1853இல் வெளிவந்த ஆணை, அரசு அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகளை மட்டுமே விடுவித்தது. 1855 சூன் 24ஆம் நாள் ஆணையே அரசு அடிமைகள் அனைவரையும் விடுவித்து, தனியாரின் அடிமை உரிமைக்கும் நீதிமன்ற ஏற்பு இல்லை என்றாக்கியது. மிஷனரிகளின் மனுவோடு ஆங்கிலேய அரசின் நெருக்குதலும் இம்மாற்றத்திற்குக் காரணமாயிற்று.

இடைப்பட்ட ஆண்டுகளில் சர்ச் மிஷனார் அடிமைகளுக்கெனப் பள்ளிகளைத் தொடங்கினர். 1854 செப்டம்பர் 6இல் மல்லப்பள்ளியை அடுத்த கைப்பற்றாவில் தெய்வத்தான் என்னும் அடிமை, ஆபேல் என்னும் பெயரில் திருமுழுக்குப் பெற்றார். அதை நிகழ்த்தியவர், பின்னர் மலையாள இலக்கண நூல் எழுதிய ஜார்ஜ் மாத்தன். சட்டம் விடுதலை தருமுன்னரே எழுத்தும் வழிபாடும் அடிமைகளை எட்டியமைக்கு இந்நிகழ்ச்சி சான்றாகிறது.

ஆயினும் 1855இன் விடுதலை நிலமற்ற விடுதலையாகவே அமைந்தது. 1865ஆம் ஆண்டின் பண்டாரப்பாட்டப் பிரகடனம் அரசு நிலத்தின் குத்தகையாளர்க்கு உடைமை உரிமை வழங்கியது. முன்னாள் அடிமைகளோ குத்தகையாளர் அல்லர், அந்நிலத்தில் உழைத்தவர்கள். ஆகவே நில உரிமை அவர்களை விலக்கிச் சென்றது. மனித உடைமையை ஒழிக்கக் கோரிய மனுவின் வெற்றி, அம்மனிதர் உழுத நிலத்தை அவர்க்குப் பெற்றுத் தரவில்லை.

பாட்டு

மனுவின் இரண்டாவது எல்லை திருச்சபைக்குள்ளேயே வெளிப்பட்டது. 1879இல் இரவிபேரூரில் பறையர் குடியில் பிறந்த பொய்கையில் யோகன்னான் மார்த்தோமா சபையில் சேர்ந்து போதகராக விளங்கினார். வழிபாட்டிலும் வாழ்விலும் சாதி வேற்றுமை தொடர்வதைக் கண்டு வெளியேறிய அவர், பிரத்தியட்ச இரட்சா தெய்வ சபையை நிறுவினார். விற்கப்பட்டுப் பிரிந்த பெற்றோர், பிள்ளைகளின் துயரமும், தம் குலத்தின் வரலாறு எங்கும் எழுதப்படாமையும் அவர்தம் பாடல்களின் தலையாய பொருள்களாகும். ஓலை விட்டுவிட்ட செய்தியைப் பாட்டு பதிவு செய்தது எனலாம். 1921லும் 1931லும் அவர் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

இதே காலத்தில் அய்யன்காளி 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிப் பள்ளி நுழைவுக்காகப் போராடினார். பிறர் எழுதிய மனுவில் செயப்படுபொருளாக நின்றோர், இவ்விருவர் காலத்தில் தம் கோரிக்கையைத் தாமே முன்வைக்கும் எழுவாயாயினர்.

முடிவுரை

மனுவைச் சிறுமைப்படுத்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அம்மனு ஓர் அரசை அசைப்பதில் பங்காற்றியது. ஆனால் அரசிடம் நீதி கேட்ட திருச்சபை, அதே நீதியைத் தன் இருக்கைகளிலும் கல்லறைகளிலும் நிலைநாட்டியதா என்னும் கேள்வி எஞ்சுகிறது.

அக்கேள்வி பழங்கதையன்று. 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணையால் விலக்கப்பட்ட தலித் கிறித்தவர்க்காகத் திருச்சபைகள் அரசிடம் தொடர்ந்து குரல் கொடுத்து வந்துள்ளன. 2016 திசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையோ, சபைக்குள்ளும் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. வெளியே நீதி கோரும் குரலுக்கு வலுச் சேர்ப்பது உள்ளே நிகழும் மாற்றமே. 1847இன் மனுவோடு பொய்கையில் யோகன்னானின் பாடல்களையும் சேர்த்துக் கற்கும்போதுதான் அடிமை ஒழிப்பின் வரலாறு முழுமை பெறும்.