பொற்கிண்ணமும் கள்ளுக்கடையும்

ஜொகூர் ஆயர் ஈத்தாம் சாலையோரக் கடைகளில் மண்சாடிகளும் பீங்கான் குவளைகளும் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பழந்தமிழர் நாட்டிற்கு வெளிநாட்டுத் திராட்சை மதுவும் இத்தகைய மண்சாடிகளில்தான் வந்து இறங்கியது.

1945-இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், இரு கைப்பிடி கொண்ட ரோமானியச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டிய மன்னன் பொற்கிண்ணத்தில் அருந்தியதை, நக்கீரர் பாடிய புறநானூற்றின் 56-வது பாடல் காட்டுகிறது. மலைவாழ் மக்கள் மூங்கிலில் நாள்பட விளைந்த தேன்கள்ளைக் குடித்ததைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. வயதேறிய மதுவின் சுவை தமிழருக்குப் புதிதல்ல.

மூலிகை மதுவின் கதை வேறு. 1863-இல் பிரான்சின் நார்மண்டியில் அலெக்சாந்தர் லெ கிராண்ட் உருவாக்கிய பெனடிக்டின் மதுவில் 27 வகை மூலிகைகளும் வாசனைப் பொருள்களும் சேர்கின்றன. அங்கே விருந்து முடிந்தபின் சிறு கிண்ணத்தில் பருகும் இனிப்பு மது அது. மலேசியச் சீனக் குடும்பங்கள் பலவற்றிலோ, பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுக்கும் 'மருந்து'. பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது மதுதான். அது தாய்ப்பாலிலும் கலக்கும்.

இந்த நாட்டுத் தோட்டப்புறத் தமிழருக்குக் கிடைத்ததோ தென்னங்கள். அதை வயதேற்றிச் சுவைக்க முடியாது, மறுநாளே புளித்துவிடும். தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்ததால், பால்மரம் சீவிப் பெற்ற கூலியின் ஒரு பகுதி வீடு போய்ச் சேரவில்லை. 'குடிகாரச் சமுதாயம்' என்ற பழி மட்டும் மிஞ்சியது.

அந்தப் பழிக்குத் தொழிலாளர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச்.நாதன் போன்றோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வு கேட்டார்கள்; துரைமாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள்; கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்றும் கேட்டார்கள். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

கள்ளின் இடத்தைப் பின்னர் மலிவுச் சம்சு பிடித்தது. 2018-இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மது பலருடைய உயிரைப் பறித்தது.

மன்னனின் பொற்கிண்ணத்தைப் பெருமையாகப் பேசும் மேடைகளில், குடியை ஒழிக்கச் சொல்லிப் போராடிய பால்மரத் தொழிலாளியின் பெயரும் ஒலிக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்த வரலாறு அதுவே.