காற்றாலையின் பருமனும் மின்சாரத்தின் விலையும்

பெரிதாகக் கட்டினால் அலகொன்றுக்கான செலவு குறையும் என்பது அனல்மின் நிலையங்கள் பொறியியலாளருக்குக் கற்பித்த பாடமாகும். அதனை அவ்வாறே காற்றுக்கும் பொருத்த முயன்றோர் ஏமாற்றமே கண்டனர்.

அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலக் குன்றொன்றில் 1.25 மெகாவாற்றுக் காற்றாலை 1941 இல் இயங்கத் தொடங்கியது. 1945 மார்ச்சில் அதன் இறகொன்று முறிந்து வீழ்ந்தது. எனினும் அம்முயற்சியை முடித்துவைத்தது இறகின் முறிவன்று, கணக்கேயாகும். அத்தகைய ஆறினை ஒருங்கே நிறுவினாலும் கிலோவாற்றொன்றுக்கு ஏறத்தாழ 190 டொலர் செலவாகும் என மதிப்பிடப்பட்டது. மின் கம்பனிக்கோ அதன் பெறுமதி 125 டொலர் மட்டுமே.

மேற்கு ஜேர்மனி இதனினும் துணிந்தது. 1983 இல் அது இயக்கிய 3 மெகாவாற்றுக் 'குறோவியன்' சில நூறு மணி நேரமே சுழன்று, 1988 இல் கழற்றப்பட்டது.

டென்மார்க்கின் வழி வேறு. யொகான்னஸ் யூல் என்பார் 1957 இல் கெட்சரில் அமைத்த 200 கிலோவாற்றுக் காற்றாலை பத்தாண்டுகள் ஓடியது. அதன் மூவிறகு அமைப்பைத் தழுவி, விவசாயக் கருவிகளும் தாங்கிகளும் செய்துவந்த தொழிலகங்கள் 1980களில் 55 கிலோவாற்றளவான இயந்திரங்களைப் பெருந்தொகையாக ஆக்கிக் கலிபோர்னியாவுக்கு அனுப்பின. இயந்திரம் சிறிது, திட்டம் பெரிது. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தமையாற் பிழைகள் விரைவில் வெளிப்பட்டன, திருத்தமும் மலிவாயிற்று. பருமன் அதன் பின்னரே படிப்படியாக வளர்ந்தது.

1991 இல் டென்மார்க்கின் வின்டபிக் கடலில் 450 கிலோவாற்றுக் காற்றாலைகள் பதினொன்று நாட்டப்பட்டன. கடலில் அத்திவாரம், கேபிள், கப்பற் செலவுகள் இயந்திரத்தின் ஆற்றலுக்கு ஒப்ப உயர்வதில்லை. ஆங்கே பெரியதே சிக்கனமாயிற்று. அப்பதினொன்றும் சேர்ந்து கொண்டிருந்த ஏறத்தாழ 5 மெகாவாற்றின் இருமடங்குக்கு மேலான ஆற்றலை இன்று தனியொரு கடற் காற்றாலையே கொண்டுள்ளது.