ஃப்ரைபர்க் சுரங்கக் கல்விக்கழகம்

ஏழாண்டுப் போரால் நொடித்துப்போன சாக்சனி அரசு, தேர்ந்த சுரங்க அலுவலர்களை உருவாக்கிக் கருவூலத்தை மீட்கும் நோக்குடன், 12ஆம் நூற்றாண்டு முதல் வெள்ளி வெட்டப்பட்டுவந்த ஃப்ரைபர்க் நகரில் 1765இல் ஒரு சுரங்கக் கல்விக்கழகத்தை நிறுவியது. 1775இல் அங்கு ஆசிரியராகச் சேர்ந்த ஆபிரகாம் வெர்னர், கனிமத்தின் நிறம், பளபளப்பு, கடினத்தன்மை, தேய்த்தால் உதிரும் பொடியின் நிறம், நாவில் படும் சுவை ஆகியவற்றைக் கொண்டு அதனை இனங்காணும் முறையைக் கற்பித்தார்; பாறையைத் தொட்டறியாத நிலவியல் கல்வி முழுமையாகாது என்பதை நிலைநாட்டிய இம்முறையே அவருடைய தலையாய கொடை எனலாம். 1791இல் வந்து சேர்ந்த அலெக்சாண்டர் ஃபான் ஹும்போல்ட், காலையில் சுரங்கத்துள் இறங்குவதும் பிற்பகலில் விரிவுரை கேட்பதுமாகப் பயின்றார். கருங்கல்லும் எரிமலைப் பாறையான பசால்ட்டும்கூட ஆதிக்கடல் நீரிலிருந்து படிந்தவையே என்று வெர்னர் வலியுறுத்திய நீர்த்தோற்றக் கொள்கையை, ஹும்போல்ட்டும் அவருடைய தோழர் லியோபோல்ட் ஃபான் பூக்கும் பின்னாளில் எரிமலைகளை நேரில் ஆராய்ந்து கைவிட்டனர்.