மெக்காலே பேசாத பேச்சு

இந்தியக் கல்வி வரலாறு பற்றி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும் மாணவர்கள் கட்டாயம் சந்திக்கும் ஒரு மேற்கோள் உண்டு. 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் மெக்காலே பேசியதாகச் சொல்லப்படுவது. இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் சுற்றியும் ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ அவர் பார்க்கவில்லையாம். இந்த நாட்டை அடக்க வேண்டுமென்றால் அதன் முதுகெலும்பான பண்பாட்டை உடைக்க வேண்டுமாம். அதற்கு வழி, பழைய கல்வி முறையை மாற்றுவதாம்.

2000-களில் ஃபார்வர்டு மெயில்களில் சுற்றிய இந்த மேற்கோள் பிறகு வாட்ஸ்அப்புக்கும் போனது. மேடைகளில் பேசப்பட்டது, கட்டுரைகளிலும் ஏறியது. படிப்பவருக்கு ரத்தம் கொதிக்கும். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே போடத் தோன்றும்.

ஒரே ஒரு சிக்கல். மெக்காலே இப்படிப் பேசவே இல்லை.

தேதியைப் பார்த்தாலே போதும்

இதைக் கண்டுபிடிக்க பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. எந்த ஆதாரத்தையும் சோதிக்க முதல் கேள்வி இதுதான்: அந்த நாளில் அந்த ஆள் அந்த இடத்தில் இருந்தாரா?

மெக்காலே 1834 ஜூன் 10 அன்று சென்னையில் கப்பலை விட்டு இறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது உதகமண்டலத்தில் இருந்ததால் பல்லக்கில் அங்கே போய்ச் சேர்ந்தார். சில மாதங்கள் நீலகிரிக் குளிரில் கழித்துவிட்டு, செப்டம்பரில் கல்கத்தா போனார். 1835 பிப்ரவரியில் அவர் இருந்தது கல்கத்தாவில்தான். லண்டனுக்குக் கப்பலில் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும் காலம் அது. இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் அவர் சுற்றியிருக்கவும் இல்லை. வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

அது மட்டுமல்ல. அன்று பேசுவதற்குப் பாராளுமன்றமும் கூடவில்லை. 1834 டிசம்பர் இறுதியில் அது கலைக்கப்பட்டுத் தேர்தல் நடந்தது. புதிய பாராளுமன்றம் கூடியது 1835 பிப்ரவரி 19-ல்தான்.

பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சார்ட் இன்று இணையத்திலேயே கிடைக்கிறது. 1833 ஜூலை 10 அன்று இந்தியா பற்றி மெக்காலே பேசிய நீண்ட பேச்சு அதில் இருக்கிறது. 1835 பேச்சு இல்லை.

அப்படியானால் பிப்ரவரி 2 எங்கிருந்து வந்தது?

நல்ல பொய்க்குள் கொஞ்சம் உண்மை இருக்கும். அதே தேதியில் மெக்காலே எழுதிய ஒரு ஆவணம் நிஜமாகவே உண்டு. அதுதான் புகழ்பெற்ற கல்விக் குறிப்பு. 1813-ஆம் ஆண்டு சாசனச் சட்டம் கல்விக்காக ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கியது. அதை சமஸ்கிருத, அரபிப் படிப்புகளுக்குச் செலவிடுவதா, ஆங்கிலத்துக்கா என்ற சண்டையில் எழுதப்பட்டது அது.

எச். ஷார்ப் தொகுத்து 1920-ல் கல்கத்தாவில் அரசு அச்சகம் வெளியிட்ட கல்வி ஆவணத் தொகுப்பில் இதன் முழு வடிவம் உள்ளது. அதைத் திறந்து படிக்கும் மாணவருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. போலி மேற்கோளில் வரும் மெக்காலே இந்தியாவைப் புகழ்கிறார். உண்மை மெக்காலே துளிகூடப் புகழவில்லை. ஐரோப்பிய நூலகத்தின் ஒரு அலமாரிக்கு இந்திய, அரபு இலக்கியம் முழுவதும் ஈடாகாது என்கிறார். ரத்தத்தில் இந்தியராகவும் ரசனையில் ஆங்கிலேயராகவும் ஒரு வகுப்பை உருவாக்க வேண்டும் என்கிறார்.

மெக்காலேயைக் குற்றம் சாட்ட விரும்புபவருக்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டுமா? உண்மை கையில் இருக்கும்போது போலியைப் பயன்படுத்தினால், எதிர்த் தரப்பு அந்த ஒரு போலியைக் காட்டியே வழக்கு முழுவதையும் தள்ளிவிடும்.

மறுபக்கத்தையும் படிப்பது

ஷார்ப் தொகுப்பின் இன்னொரு பயன், எதிராளியின் குரலும் அதிலேயே இருக்கிறது. எச். டி. பிரின்செப் என்ற அதிகாரி மெக்காலேயை மறுத்து 1835 பிப்ரவரி 15 தேதியிட்டு ஒரு குறிப்பு எழுதினார். அதையும் மீறி மார்ச் 7 அன்று பெண்டிங்க் ஆங்கிலத்துக்குச் சாதகமாக ஆணையிட்டார். ஆக, வெள்ளைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே சதி செய்தார்கள் என்ற எளிய கதை இங்கே உடைந்துவிடுகிறது.

எழுதியவர் யார் என்றும் பார்க்க வேண்டும். மெக்காலேயின் வாழ்க்கை வரலாற்றை 1876-ல் எழுதிய ஜி. ஓ. டிரெவெல்யன் அவருடைய தங்கை மகன். கடிதங்களுக்கும் பயண விவரங்களுக்கும் அது அருமையான நூல். ஆனால் மெக்காலே நல்லவரா கெட்டவரா என்ற தீர்ப்பை மருமகனிடம் கேட்க முடியாது!

மெக்காலே செய்ததும் அதே தவறு

கல்விக் குறிப்பில் ஒரு முக்கியமான ஒப்புதல் இருக்கிறது. தனக்கு சமஸ்கிருதமும் தெரியாது, அரபியும் தெரியாது என்று மெக்காலேயே எழுதுகிறார். மொழிபெயர்ப்புகளைப் படித்தும், தெரிந்தவர்களிடம் பேசியும் முடிவுக்கு வந்ததாகச் சொல்கிறார். அதாவது, மூல நூல்களைப் படிக்காமலே ஒரு நாட்டின் இலக்கியம் முழுவதையும் எடை போட்டார். மூலத்தைத் திறக்காமல் அவர் பெயரில் மேற்கோள் போடுபவர் அவரையே பின்பற்றுகிறார்.

சரி, பதிலாக எதைப் போடுவது?

ஆங்கிலேயர் கல்விக்கு முன்பே இங்கே பள்ளிகள் இருந்தன என்று காட்டத்தான் பலர் அந்த மேற்கோளைத் தேடுகிறார்கள். அதற்கு நம்பகமான ஆதாரம் சென்னை மாகாணத்திலேயே இருக்கிறது. கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்கு கேட்டார். 1826 மார்ச் 10 தேதியிட்ட குறிப்பில் அதைத் தொகுத்துச் சொன்னார்: சுமார் 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள். தோராயமாக ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. இந்த ஆவணங்களைத் தரம்பால் 1983-ல் தன் நூலில் தொகுத்து வெளியிட்டார்.

மன்றோவின் குறிப்பில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சென்னை நகரில் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் என்று வந்த எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தது. அதில் பிழை இருக்கலாம் என்று அவரே எழுதிவைத்தார். தன் கணக்கின் ஓட்டையைத் தானே காட்டும் ஆதாரத்தைக் கூடுதலாக நம்பலாம். அதே கணக்கில் பெண் பிள்ளைகள் மிகக் குறைவு என்ற கசப்பான தகவலும் இருக்கிறது. அதையும் ரிப்போர்ட்டில் சேர்த்தால்தான் அது வரலாறு.

நூறு தளங்களில் ஒரு மேற்கோள் இருக்கிறது என்பது நூறு ஆதாரம் ஆகாது. ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பி அடித்திருந்தால் எல்லாம் சேர்ந்து ஒன்றுதான். மெக்காலே விஷயத்தில் அந்த ஒன்றும் இல்லை. விக்கிப்பீடியாவில் தொடங்குவதில் தவறில்லை, அதன் அடிக்குறிப்புகளைப் பிடித்து மூலத்துக்குப் போய்விட வேண்டும். ஒரு தகவல் மனதுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதா? அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். பிடிக்காத தகவலை எப்படியும் எல்லோரும் சோதித்துவிடுவார்கள்.