அருவி நீரும் குரல்வளையும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் தென்காசிப் பக்கம் தொண்டை கம்மியவர்கள் பலரைக் காணலாம். "அருவித் தண்ணீர் சேரவில்லை" என்போம். பெரும்பாலும் சில நாளில் குரல் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் குரல்வளைக்குள் பார்த்தாக வேண்டும். அதற்கு வழி பிறந்த கதையில் ஒரு நீர்த்தாரைக்கும் பங்கு உண்டு.

1854-ஆம் ஆண்டில் மானுவல் கார்சியா என்ற ஸ்பானிய இசையாசிரியர், பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்தார். கைக்கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் வீழ்த்தி, தம் குரல் நாண்கள் அசைவதைக் கண்டார். அதே ஆண்டில் லண்டனில் ஜான் டிண்டால், தொட்டித் துளையிலிருந்து வளைந்து விழும் நீர்த்தாரையில் ஒளியைச் செலுத்தினார். ஒளியும் தாரையோடு வளைந்து சென்றது. முழு அகப் பிரதிபலிப்பே காரணம். நீர் சிதறி நுரைக்கும் பேரருவியில் இதைக் காண முடியாது. வழவழப்பான மெல்லிய தாரை வேண்டும்.

நீருக்குப் பதில் கண்ணாடி இழை இருந்தால்? பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் ஹெரால்டு ஹாப்கின்சும் 1954-இல் இழைக் கற்றையின் வழியே உருவத்தையே அனுப்பிக் காட்டினர். 1968-இல் ஜப்பானியர் அத்தகைய வளையும் கருவியை மூக்கின் வழியே செலுத்திக் குரல்வளையைப் பார்த்தனர்.

ஆனால் பார்ப்பது வேறு, அறிவது வேறு. குரல்வளையில் மிக அரிதாகப் பிளாஸ்மா செல் கட்டி தோன்றுவதுண்டு. வழவழப்பான அந்தப் புடைப்பைக் கண்ணால் மட்டும் கண்டு இனம் பிரிக்க இயலாது. சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

பிளாஸ்மா செல்கள் நோயெதிர்ப்புப் புரதங்களை ஆக்குபவை. அப்புரதத்தின் சிறு சங்கிலி கப்பா, லாம்டா என இருவகை. சாதாரண அழற்சியில் இரண்டையும் ஆக்கும் செல்கள் கலந்திருக்கும். கட்டியிலோ எல்லாச் செல்களும் ஒரே வகையை ஆக்கும். அவை ஒரே செல்லின் வழிவந்தவை அல்லவா! 1845-இல் பென்ஸ் ஜோன்ஸ் ஒரு நோயாளியின் சிறுநீரில் ஆராய்ந்த விந்தைப் புரதம் இச்சங்கிலியே என்பது 1962-இல்தான் தெளிவாயிற்று.

அடுத்து இரத்தம், சிறுநீர், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றையும் சோதிப்பார்கள். கட்டி ஓரிடத்தில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கதிர்வீச்சுக்குக் கட்டுப்படும். மஜ்ஜையெங்கும் பரவியிருந்தால் சிகிச்சையே வேறு.

ஆகவே, வாசகர்களே, குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் சாரலின்மேல் பழி போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.