கட்டுமரம் ஒழுகாது

இன்னைக்கு எபிசோடு ஒரு ஓட்டையைப் பற்றியது. மோட்டாருக்காகப் படகின் பின்பக்கத்தில் நாமே போடுகிற ஓட்டை.

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஏறி பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. திருவள்ளூர் மாவட்டத்தின் கடல் பக்கம். 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர்னு எல்லாரும் சொல்வாங்க. எனக்கு அந்தக் கோட்டையை விட இந்தக் கரையின் படகுகள்தான் சுவாரசியம்.

சோழமண்டலக் கரையில் படகு விடுவது சும்மா இல்லை. பல ஊர்களில் அலையைத் தாண்டி வந்து நேரா மணலில் ஏறித்தான் நிற்கணும். கட்டுமரம் அதற்கு அபாரமான விடை. மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. ‘உள்ளே’ன்னு ஒன்றே கிடையாது. தண்ணீர் வரும், போகும், அவ்ளோதான். சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பலிலிருந்து ஆட்களைக் கரை சேர்த்த மசூலா படகு இன்னொரு விடை. பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பாங்க. அலை மோதினா வளையும், உடையாது. கசியத்தான் செய்யும், இறைத்துக்கொண்டே போவாங்க.

மோட்டார் வந்ததும் கதை மாறியது. இன்ஜின் உள்ளே, புரொப்பல்லர் வெளியே, நடுவில் ஷாஃப்ட். மணலில் ஏறும்போது புரொப்பல்லரைத் தூக்கணும். அப்போ ஓட்டைக்குள் இருப்பதும் அசையணும், தண்ணீரும் வரக்கூடாது!

1959இல் வோல்வோ பென்டா கொண்டுவந்த ‘அக்வாமேட்டிக்’ ஸ்டெர்ன்டிரைவ், துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான ரப்பர் உறையை வைத்து இதைச் சமாளித்தது. 1979இல் எஃப்.ஏ.ஓ. சென்னையில் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டமும் இதே சிக்கலில்தான் மோதியது. அங்கே உருவான ‘பாப் டிரைவ்’, சின்ன டீசல் இன்ஜினோடு ஷாஃப்டைத் தூக்கி இறக்குகிற அமைப்பு. தண்ணீரைத் தடுக்க அதிலும் ரப்பர் துருத்திதான்.

ரப்பர் வெயிலில் காயும், மடிப்பில் வெடிக்கும். ஸ்டெர்ன்டிரைவில் தண்ணீர் ஏறினால் எங்கிருந்துன்னு கண்டுபிடிப்பது அசல் டீபக்கிங். முதலில் அடித்தளத்தை ஒட்டத் துடைக்கணும். இன்ஜினை அணைத்து, படகைச் சும்மா மிதக்க விடணும். அப்பவும் ஏறினால் துருத்தி, பின்பலகை சீல், படகின் அடிப்பகுதி, இதில் ஒன்று. இன்ஜின் ஓடும்போது மட்டும் வந்தால் கூலிங் பம்பையும் ஹோஸையும் பாருங்க. டிரைவைத் தூக்கும்போது வேகம் மாறினால் பெரும்பாலும் துருத்திதான். திருப்பும்போது உறுமல் கேட்டால் தண்ணீர் ஏற்கெனவே பேரிங்கைத் தின்ன ஆரம்பிச்சிருக்கலாம். கிழிந்த ரப்பருக்கு மேல் சீலன்ட் பூசுவது வேலையே இல்லை, என்னைக் கேட்டா ஏமாற்று. புதுத் துருத்தி போடணும், பேரிங்கையும் சோதிக்கணும். நடுக்கடலில் பம்ப் அடித்துக்கொண்டே திரும்புகிறவருக்கு இது தத்துவம் இல்லை, உயிர்.

கடைசியில் இந்தக் கரையில் ஜெயித்தது எது தெரியுமா? 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. நிறையப் படகுகளில் லாங் டெயில் மோட்டார். இன்ஜின் மேலே உட்காரும், நீளமான ஷாஃப்ட் விளிம்பைத் தாண்டி வெளியே நீளும். கரை வந்தால் கையாலேயே தூக்கிடலாம். சத்தம் காதைக் கிழிக்கும், அது வேற விஷயம். ஆனால் அந்தப் படகின் பின்பக்கத்தில் ஷாஃப்டுக்குன்னு ஒரு ஓட்டைகூட இல்லை.