கல்லூரி சாஃப்ட்பால் கோச்: அமெரிக்காவில் கோடிகளில் சம்பளம், இந்தியாவில் அந்தப் பதவியே இல்லாதது ஏன்?

ஹேடோ (போர்ட் பிளேர்): அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பெண்கள் சாஃப்ட்பால் அணிக்கு 1985 முதல் 2022 வரை ஒரே ஒருவர்தான் தலைமைப் பயிற்சியாளர். பெயர் கேரல் ஹட்சின்ஸ். 38 சீசன்கள் அந்த அணியை நடத்திவிட்டு அவர் ஓய்வு பெற்றபோது, பயிற்சியாளராக அவர் பெயரில் இருந்த மொத்த வெற்றிகள் 1,707. இத்தனை வருஷமும் அவருக்கு வேலை இது ஒன்றுதான்: ஒரு கல்லூரி, ஒரு விளையாட்டு, ஒரு அணி.

இந்தியாவில் இப்படி ஒரு வேலை கிடைக்குமா? கல்லூரியில் நன்றாக ஆடிய ஒருவர், 'ஆட்டம் முடிந்த பிறகும் இதே மைதானத்தில் இருக்க வேண்டும், கோச் ஆக வேண்டும்' என்று நினைத்தால் வழி என்ன? அதிலும் அந்தமானில் இருந்து கிளம்புகிறவருக்கு?

முதலில் இந்த ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. சாஃப்ட்பால் 1887-இல் சிகாகோவில் பிறந்தது. பேஸ்பாலின் தங்கை என்று சொல்லலாம். ஒரு அணியில் ஒன்பது பேர், ஏழு இன்னிங்ஸ். பந்து எறிபவர் கையை இடுப்புக்குக் கீழே சுழற்றி எறிய வேண்டும். அமெரிக்கப் பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் எறியும் இடத்துக்கும் அடிப்பவருக்கும் நடுவே 43 அடிதான். பந்தின் சுற்றளவு 12 அங்குலம். பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பந்து மென்மையாகவே இருக்காது. இலங்கையில் 'மென்பந்து' என்று சொன்னால் அது கிரிக்கெட், வேறு ஆட்டம். அதனால் இந்தக் கட்டுரையில் சாஃப்ட்பால் என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தப் பதவி எப்படி உருவானது?

இதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1972 ஜூன் மாதம் அமெரிக்காவில் 'டைட்டில் நைன்' எனப்படும் சட்டம் நிறைவேறியது. மத்திய அரசின் நிதி வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பதுதான் அதன் சாரம். சட்டத்தின் வரியில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனால் அது அதிகம் மாற்றியது விளையாட்டு மைதானங்களைத்தான்.

சும்மா மாறிவிடவில்லை, வழக்குப் போட வேண்டியிருந்தது. ஹட்சின்ஸே அதற்கு உதாரணம். 1979-இல் அவர் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாணவி, கூடைப்பந்தும் ஆடியவர். ஆண்கள் அணிக்குக் கிடைக்கும் வசதிகள் பெண்கள் அணிக்கு ஏன் இல்லை என்று தன் பல்கலைக்கழகத்தின் மீதே அணித்தோழிகளோடு வழக்குத் தொடுத்தார். பின்னாளில் 38 ஆண்டு நீடித்த அவருடைய வேலைக்கு அடித்தளம் போட்டது இந்த மாதிரி வழக்குகள்தான் என்றால் மிகையில்லை.

கல்லூரி சாஃப்ட்பாலின் தேசியப் போட்டியை என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1982-இல் நடத்தத் தொடங்கியது. இன்று அதன் முதல் பிரிவில் மட்டும் சுமார் 300 கல்லூரிகளுக்கு அணி உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமைப் பயிற்சியாளர், அவருக்குக் கீழே துணைப் பயிற்சியாளர்கள். 64 அணிகளோடு தொடங்கும் தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகள் ஓக்லஹோமா சிட்டியில் மோதும். அந்த அரங்கில் 12,000 பேருக்கு மேல் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கல்லூரிப் பெண்கள் ஆடும் ஆட்டத்துக்கு!

இந்த வேலையின் உச்சத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பேட்டி காசோவைப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவில் லாங் பீச் சிட்டி காலேஜ் என்ற இரண்டு வருடக் கல்லூரியில் 1990 முதல் 1994 வரை பயிற்சியாளர். 1995 சீசனில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அப்போது அந்த அணிக்குச் சொந்த மைதானம் இல்லை. ஊர்ப் பொதுப் பூங்காவில்தான் ஆட்டம். 2000-இல் முதல் தேசியப் பட்டம். அடுத்ததுக்கு 13 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2013, 2016, 2017, பிறகு 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு. தொடர்ச்சியாக நான்கு பட்டங்களை அதற்கு முன் எந்த அணியும் வென்றதில்லை. 71 ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல் போன சாதனையும் இவர் அணிக்குத்தான். பூங்காவில் ஆடிய அணிக்கு 2024-இல் 4,200 இருக்கைகளோடு புது அரங்கம் திறந்தார்கள். காசோவின் சம்பளம் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. நம் கணக்கில் எட்டுக் கோடி ரூபாய்க்கு மேல்.

நடுவில் இருந்த அந்தப் 13 ஆண்டுகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பட்டம் இல்லை, ஆனாலும் கல்லூரி அவரை வைத்துக்கொண்டது. அந்தப் பொறுமை இல்லையென்றால் பின்னால் வந்த ஏழு பட்டங்களும் இல்லை. என் பார்வையில், சம்பளத்தைவிடப் பெரிய வித்தியாசம் இதுதான்.

கோச் என்றால் என்ன வேலை?

களத்தில் நின்று கத்துவது சின்னப் பகுதி. பெரிய பகுதி, ஆள் சேர்ப்பது. பள்ளி மாணவிகளின் ஆட்டங்களை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, யார் நான்கு வருஷம் கழித்து எப்படி ஆடுவார் என்று கணிக்க வேண்டும். ஒரு காலத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமே போய்ப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அதனால் 2018-இல் விதி வந்தது: பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-ஆம் தேதிக்கு முன் எந்தப் பயிற்சியாளரும் மாணவியிடம் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது. அதன் பிறகு உதவித்தொகையைப் பங்கிடுவது, மாணவி பாடத்தில் பெயில் ஆகாமல் பார்ப்பது, பிப்ரவரி முதல் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களுக்குப் பயணம் ஏற்பாடு செய்வது, பழைய மாணவர்களிடம் நன்கொடை கேட்பது... எல்லாம் கோச் தலையில்தான்.

இந்த இடத்துக்கு வர நீண்ட ஏணி ஒன்று உண்டு. ஆடியவர் முதலில் துணைப் பயிற்சியாளர் ஆவார், பிறகு சிறிய கல்லூரியில் தலைமை, பிறகு பெரிய கல்லூரி. யு.சி.எல்.ஏ. அணியின் கெல்லி இனோவே பெரேஸ் அதே அணியில் ஆடி, அங்கேயே துணைப் பயிற்சியாளராக இருந்து, 2007-இல் தலைமைக்கு வந்தவர். மிச்சிகனில் ஹட்சின்ஸுக்குப் பிறகு பொறுப்பேற்ற பானி தால், 1994 முதல் அவருக்குத் துணையாக இருந்தவர். நாற்காலி காலியாக 28 ஆண்டுகள்! இன்னொரு பக்கம், 2023 வரை பெரிய கல்லூரிகளில்கூட ஒரு துணைப் பயிற்சியாளர் 'தன்னார்வலர்' என்ற பெயரில் அணியிடம் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தார். அந்த ஆண்டு ஜூலையில்தான் அந்த ஏற்பாட்டை நிறுத்தினார்கள். கோடிகளைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

சட்டம் கொண்டுவந்த எதிர்பாராத விளைவு ஒன்றும் இருக்கிறது. 1972-க்கு முன் அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்கள். சம்பளமே இல்லாத, அல்லது பெயருக்குச் சம்பளம் உள்ள வேலை அது. பணமும் பதவியும் வந்ததும் ஆண்கள் விண்ணப்பிக்கத் தொடங்கினார்கள். 2014-இல் அந்த 90 சதவீதம் சுமார் 43 ஆகக் குறைந்திருந்தது. ஆண் பயிற்சியாளர்கள் திறமையில் குறைந்தவர்கள் என்று அர்த்தமில்லை. அரிசோனாவின் மைக் கேண்ட்ரியா எட்டு தேசியப் பட்டங்கள் வென்றவர், 2004 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். ஆனால் பெண்களுக்காகத் திறந்த வாசலில் பயிற்சியாளர் நாற்காலி மட்டும் பாதிக்கு மேல் கைமாறிப் போனதும் உண்மை.

சரி, இந்தியாவில்?

இங்கேயும் சாஃப்ட்பால் இருக்கிறது. தேசிய சாம்பியன்ஷிப் நடக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் ஆண், பெண் இரு பிரிவுக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி நடத்துகிறது. ஆனால் 'கல்லூரி சாஃப்ட்பால் தலைமைப் பயிற்சியாளர்' என்று விளம்பரம் வந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நம் கல்லூரிகளில் இருப்பது உடற்கல்வி இயக்குநர், பேச்சு வழக்கில் 'பி.டி. சார்', 'பி.டி. மேடம்'. கபடி, வாலிபால், தடகளம், சாஃப்ட்பால், ஆண்டு விழா அணிவகுப்பு எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே.

இந்த வழக்கத்துக்கு வேர் சென்னையில் இருக்கிறது. 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியோடு போனவரும் அவர்தான். எல்லா ஆட்டமும் தெரிந்த ஆசிரியரை உருவாக்குவது அந்தப் பள்ளியின் நோக்கம். ஒரே ஆட்டத்தில் ஊறிய கோச்சை உருவாக்கும் வேலை தனியாக, 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கியபோதுதான் வந்தது. ஆக, இரண்டு தண்டவாளம். கல்லூரிக்குப் போவது ஒன்று, கோச் ஆவது இன்னொன்று.

கல்லூரித் தண்டவாளத்தில் போக வேண்டும் என்றால் உடற்கல்வியில் முதுகலைப் பட்டமும், நெட் தேர்ச்சி அல்லது அதற்கு ஈடான தகுதியும் வேண்டும். யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி, கல்லூரி அல்லது பல்கலைக்கழக அணிக்காகவோ மாநில, தேசியப் போட்டியிலோ ஆடிய சான்றும் கேட்பார்கள். ஓட்டமும் உண்டு: 30 வயதுக்கு உட்பட்ட ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர், பெண்கள் 8 நிமிடத்தில் 1,000 மீட்டர். தேறினால் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 57,700 ரூபாய். நல்ல வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரே அணியை முப்பது வருஷம் செதுக்கும் வேலை அல்ல.

பாட்டியாலா தண்டவாளத்தில் முழுமையான பயிற்சியாளர் டிப்ளமா ஒரு வருடம். ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு. பிறகு வேலை தேடுவது விளையாட்டு ஆணையத்திலும் மாநில விளையாட்டுத் துறைகளிலும். அங்கே பணம் ஒலிம்பிக்கைப் பார்த்துத்தான் நகரும். சாஃப்ட்பால் 1996 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் இருந்தது, பிறகு நீக்கினார்கள், டோக்கியோவில் திரும்பியது, பாரிஸில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலிஸில் மறுபடி வருகிறது. இந்திய அணி இதுவரை ஒலிம்பிக் சாஃப்ட்பால் ஆடியதில்லை. உள்ளே வெளியே என்று ஆடும் ஒரு விளையாட்டுக்கு நிரந்தரப் பணியிடம் கேட்டால் அதிகாரிகள் தயங்குவதில் ஆச்சரியமில்லை.

அந்தமானில் இருந்து கிளம்பினால்?

ஹேடோ துறைமுகத்தில் நின்றால் தூரம் தானாகவே புரியும். சென்னைக்குக் கப்பல் இங்கிருந்துதான், பயணம் கிட்டத்தட்ட மூன்று நாள். போர்ட் பிளேரின் ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி 1967-இல் தொடங்கியது. ஆரம்பத்தில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்து, பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. (2024 முதல் ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்ரீ விஜயபுரம், ஊரில் பலர் இன்னமும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறார்கள்.)

இதன் பலன் என்னவென்றால், பல்கலைக்கழகப் போட்டியில் ஆடுவது கல்லூரி அணி அல்ல, பல்கலைக்கழக அணி. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தீவு மாணவி ஒருவர் தேசியப் போட்டி வரை போக, முதலில் கடல் தாண்டித் தேர்வில் பங்கேற்று அந்த அணியில் இடம் பிடிக்க வேண்டும். ஒன்பது பேர் சேர்ந்து பழக வேண்டிய ஆட்டத்துக்கு இது பெரிய தடை. தனி ஆள் ஆட்டத்தில் இந்தத் தடை குறைவு. இந்தத் தீவுகளின் சைக்கிளிங் அதைக் காட்டியது. 2004 சுனாமியில் உயிர் பிழைத்த டெபோரா ஹெரால்டு போர்ட் பிளேரில் தொடங்கி டெல்லி தேசிய அகாடமிக்குப் போனார். ஈசோ ஆல்பன் 2018-இல் உலக ஜூனியர் டிராக் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்றார், 2019-இல் டீம் ஸ்பிரிண்டில் தங்கம் வென்ற அணியில் ஒருவர். சைக்கிளிங்கிற்குப் பயிற்சி வசதியும் அதற்கென்று பயிற்சியாளர்களும் இங்கே இருந்தார்கள். சாஃப்ட்பாலுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை.

அப்படியானால் கோச் ஆக நினைக்கும் தீவு மாணவி என்ன செய்யலாம்? பட்டம் முடிக்கும் முன்பே பல்கலைக்கழக அணிக்கு முயற்சி செய்யலாம். ஒரு முறை ஆடினாலும் அது மேலே சொன்ன யு.ஜி.சி. விதிக்கு உதவும். உடற்கல்விப் பட்டமும் பாட்டியாலா சான்றிதழும் சேர்ந்தால் இரண்டு தண்டவாளத்திலும் கால் வைக்கலாம். மூன்றாவது வழி, மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீடு. அந்தப் பட்டியலில் சாஃப்ட்பாலும் இருக்கிறது. அரசு வேலையில் சேர்ந்துவிட்டு மாலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் நாடு முழுக்க உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஆடியவர்கள் இதற்குக் காட்ட வேண்டியது 'படிவம் 3'. அதில் பல்கலைக்கழக விளையாட்டு அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். போட்டி முடிந்த கையோடு அங்கேயே வாங்கிவிடுங்கள். ஊர் திரும்பிய பிறகு கேட்டால், அந்தக் கையெழுத்துக்காக இன்னொரு தரம் கப்பல் ஏற வேண்டி வரலாம்.